டீப் பர்ப்பிள்: முதலில் எந்த ஆல்பம்?

பிரிட்டிஷ் ஹார்ட் ராக் குழுவான டீப் பர்ப்பிளை இதுவரை கேட்காத ஒருவர், தொடங்குவதற்கு ஒரே ஓர் ஆல்பம் சொல்லுங்கள் என்று கேட்டால், ரசிகர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் 'மெஷின் ஹெட்' என்று சொல்லிவிடுவார்கள். அது குழுவின் மிகப் பெரிய வெற்றி. வானொலியில் ஒலித்துத் தேய்ந்த பாட்டு அதில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை. புதிதாக வருபவரின் கையில் நான் கொடுப்பது 'மேட் இன் ஜப்பான்'. ஸ்டுடியோ ஆல்பம் கேட்காதவரிடம் மேடைப் பதிவைக் கொடுக்கலாமா என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போட்டியில் நான்கு ஆல்பங்களை நிறுத்துகிறேன்: 'இன் ராக்' (1970), 'மெஷின் ஹெட்' (1972), 'மேட் இன் ஜப்பான்' (1972), 'பர்ன்' (1974). 1968, 69இல் வந்த முதல் மூன்று ஆல்பங்களில் பாடகரும் பாஸ் வாசிப்பவரும் வேறு. அவற்றில் அழகான இடங்கள் இருந்தாலும் அது இன்னும் தன் குரலைத் தேடிக்கொண்டிருந்த குழு. 'ஃபயர்பால்' (1971) எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு திசையில் போகும். குழுவை ஏற்கெனவே நேசிப்பவருக்குத்தான் அது தன்னைக் காட்டும். 'ஹூ டூ வி திங்க் வி ஆர்' (1973) களைத்துப்போனவர்கள் செய்த ஆல்பம். அதை முதலில் கேட்டவர் இரண்டாவது ஆல்பத்துக்கு வரமாட்டார்.

நான்கில் மூன்று ஆல்பங்கள் ஒரே ஐந்து பேர் செய்தவை. ரிச்சி பிளாக்மோர் கிட்டார், ஜான் லார்ட் ஆர்கன், இயன் பேஸ் டிரம்ஸ். 1969இல் 'எபிசோட் சிக்ஸ்' என்ற குழுவிலிருந்து வந்து சேர்ந்த இயன் கில்லன் பாட்டு, ரோஜர் குளோவர் பாஸ். ஹார்ட் ராக் குழு என்றால் கிட்டார்தான் அரசன் என்ற எண்ணத்தோடு வருபவரை இந்தக் குழு உடனே திருத்திவிடும். லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து வாசித்தார். தேவாலயத்திலும் ஜாஸ் விடுதியிலும் மென்மையாக ஒலித்துவந்த அந்தக் கருவி, கிட்டாரைப் போலவே உறுமத் தொடங்கியது. ஆக, இங்கே ஒரே பலமுள்ள இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். எந்த ஆல்பத்தை எடுத்தாலும், அந்த மோதல் அதில் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

'இன் ராக்' ஒரு பிடிவாதத்தில் பிறந்தது. 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் சேர்ந்து லார்ட் எழுதிய கான்செர்ட்டோவை இவர்கள் அரங்கேற்றியிருந்தார்கள். பத்திரிகைகள் இவர்களை சிம்ஃபொனியோடு வாசிக்கும் குழுவாகப் பார்க்கத் தொடங்கின. பிளாக்மோருக்கு அது அறவே பிடிக்கவில்லை. அடுத்த ஆல்பம் சத்தமாக, தயவுதாட்சண்யம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நின்றார். 1970 ஜூனில் அது வெளிவந்தது. அமெரிக்க ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலையில் ஐந்து பேரின் முகங்களையும் வைத்த அட்டை. பெயரிலேயே ராக் இருக்கிறது. அட்டையில் பாறையும் இருக்கிறது.

முதல் பாட்டான 'ஸ்பீட் கிங்', எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிதறும் ஓசையோடு தொடங்குகிறது. அது அடங்கியதும் ஆர்கன் மட்டும் தனியாக, அடக்கமாக வாசிக்கிறது. எல்லாம் சமாதானமாகிவிட்டது என்று காது நம்பும் கணத்தில் முழுக் குழுவும் பாய்கிறது. (அமெரிக்காவில் முதலில் வெளியான பதிப்பில் இந்தத் தொடக்கத்தை வெட்டிவிட்டார்கள். வாங்குகிறவர் பிரிட்டிஷ் பதிப்பையே பார்த்து வாங்க வேண்டும்.) கடைசிப் பாட்டான 'ஹார்ட் லவ்வின் மேன்' குதிரைப் பாய்ச்சலில் ஓடுகிறது. பத்தாண்டு கழித்து வந்த ஹெவி மெட்டல் குழுக்கள் பலவற்றின் தாளம் அதில் அப்படியே இருக்கிறது.

நடுவில் 'சைல்ட் இன் டைம்'. பத்து நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலான பாட்டு. சான் ஃபிரான்சிஸ்கோ குழுவான 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே'யின் 'பாம்பே காலிங்' என்ற இசைத்துண்டை லார்ட் வாசித்துக்கொண்டிருக்க, அதிலிருந்து கிளைத்தது இது. மூலத்தில் துள்ளலாக ஓடும் மெட்டை இவர்கள் வேகத்தைக் குறைத்து இரங்கற்பாட்டுபோல ஆக்கினார்கள். கில்லன் சொற்களை இரண்டே தரம் பாடுகிறார். பனிப்போர்க் காலத்தின் அச்சம் தோய்ந்த சில வரிகள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சொல் கிடையாது. 'ஊ' என்று தணிவாகத் தொடங்குகிற குரல், 'ஆ' என்று விரிந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி ஏறி, கடைசியில் அலறலாகிறது. அலறும்போதும் சுருதி விலகுவதில்லை. அந்த உச்சத்திலிருந்து பிளாக்மோரின் கிட்டார் ஓட்டம் பிடிக்கிறது. வேகம் கூடிக்கூடி, ஒரே வெட்டில் நிற்கிறது. மறுபடியும் அந்தத் தனி ஆர்கன். ராக் இசையில் மௌனத்தை இவ்வளவு பயங்கரமாகப் பயன்படுத்திய இடங்கள் எனக்கு அதிகம் தெரியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதை ஏன் முதல் ஆல்பமாகக் கொடுப்பதில்லை? ஒலிப்பதிவுதான் காரணம். 1969 அக்டோபர் முதல் 1970 ஏப்ரல் வரை, கச்சேரிப் பயணங்களுக்கு இடையே லண்டனின் மூன்று ஸ்டுடியோக்களில் துண்டு துண்டாகப் பதிவானது இது. ஆர்கனும் கிட்டாரும் பல இடங்களில் ஒன்றோடொன்று குழைந்துபோகின்றன. யார் எதை வாசிக்கிறார் என்று பிரித்தறியப் பழகிய காது வேண்டும். அந்த முரட்டுத்தனம்தான் ஆல்பத்தின் பெருமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் முன்னால் சொன்ன மோதல், புதிய காதுக்கு இங்கே ஒரே இரைச்சலாக வந்து சேரும் அபாயம் இருக்கிறது. 'லிவிங் ரெக்' பாட்டின் வரிகளில் ஒரு பெண்ணைப் பற்றி இருக்கும் ஏளனமும் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் ஏற்கெனவே மெட்டல் கேட்டு வளர்ந்தவராக இருந்தால் நான் சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நேரே 'இன் ராக்' வாங்கிக்கொள்ளலாம். அவருக்கு அது பிறந்த வீடு.

'மெஷின் ஹெட்' பிறந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1971 டிசம்பர் 4ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகரில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் சாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது பார்வையாளர் ஒருவர் சமிக்ஞைத் துப்பாக்கியால் சுட்ட தீப்பொறியில் கேசினோ எரிந்துபோனது. அங்கேதான் இவர்கள் பதிவு செய்வதாக இருந்தார்கள். மாற்று இடமாகக் கிடைத்த அரங்கில் ஒரு பாட்டின் வாத்தியப் பகுதி மட்டும் முடிந்தது. அதற்குள் அக்கம்பக்கத்தினர் புகார் செய்ய, போலீஸ் வந்து நிறுத்திவிட்டது. அந்த ஒரு பாட்டுதான் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. ஏரியின் மேல் பரவிய அந்தத் தீயின் புகைதான் அதன் பொருளும் ஆனது.

இந்தக் கதையில் பலரும் தாண்டிப்போகும் பகுதிதான் ஆல்பத்தின் ஒலியைத் தீர்மானித்தது. குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலை வாடகைக்கு எடுத்து, தாழ்வாரத்தில் கருவிகளை வைத்து, எதிரொலியை அடக்க மெத்தைகளைச் சாத்திவைத்தார்கள். பதிவுக் கருவிகளோ வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டுடியோ வண்டியில். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால் அறைகளையும் பால்கனிகளையும் கடந்து வண்டிவரை போக வேண்டும். சில தடவைக்குப் பிறகு போவதையே விட்டுவிட்டார்கள். ஒலிப்பொறியாளர் மார்ட்டின் பர்ச் சரி என்றால் சரி. அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். டிசம்பர் 6 முதல் 21 வரை, பதினாறு நாளில் ஆல்பம் முடிந்தது. அந்த வறண்ட, தெளிவான, கூட்டல் இல்லாத ஒலி அங்கிருந்து வந்தது. பேஸின் டிரம்ஸில் தோல் அதிர்வது தனியாகக் கேட்கிறது. 'பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்' பாட்டில் குளோவருக்குக் கிடைக்கும் சின்ன பாஸ் சோலோவின் ஒவ்வொரு சுரமும் எண்ணிப் பார்க்கும்படி நிற்கிறது.

'ஹைவே ஸ்டார்' பாட்டில் ஆர்கன் சோலோவும் கிட்டார் சோலோவும் ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் இசையை நினைவூட்டும் சுர அடுக்குகளின் மேல் நடக்கின்றன. வழக்கமாக அந்த நிமிடத்தில் தோன்றியதை வாசிக்கும் பிளாக்மோர், இந்தச் சோலோவை முன்கூட்டியே சுரம் சுரமாக அமைத்துக்கொண்டு வந்தார். கிட்டார் கற்றுக்கொள்பவர்களுக்கு அது இன்றும் பாடம். 'லேசி' ஏழு நிமிடமும் எனக்குச் சலித்ததே இல்லை. 'நெவர் பிஃபோர்' சாதாரணமான பாட்டு. அதையே குழு தனிப் பாட்டாக வெளியிடத் தேர்ந்தெடுத்தது. அதன் மறுபக்கத்தில் போட்ட 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' அதைவிடப் பல மடங்கு உயர்ந்தது, ஆனால் ஆல்பத்தில் இடம்பெறவில்லை. இந்தத் தேர்வு இன்றும் எனக்கு ஆற்றாமை தருகிறது.

'மெஷின் ஹெட்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் 7ஆம் இடம். மொத்தம் முப்பத்தேழு நிமிடம். கேட்டு முடித்தவர் உடனே இன்னொரு தரம் போடுவார். பாட்டுகளாக எடுத்துக்கொண்டால் நான்கில் இதுதான் முதன்மை. என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃபை, திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் துணுக்கை, உலகில் கேட்காதவர் குறைவு. புதியவர் இந்த ஆல்பத்தைப் போட்டதும் தெரிந்த இடத்துக்கு வந்துவிட்ட நிம்மதி அவருக்கு வருகிறது. இவர்கள் கச்சிதமான பாட்டுகள் செய்யும் குழு என்று மனத்தில் பதிந்துபோகிறது. கச்சிதம் இவர்களுடைய பல திறமைகளில் ஒன்று மட்டுமே. மற்றவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமலே அவரைத் தொடர்ந்து பாய்வதுதான் இந்த ஐவரின் பெரிய திறமை. அதற்குத் தாழ்வாரத்து மெத்தைகளுக்கு நடுவே இடம் கிடைக்கவில்லை.

அது கிடைத்தது ஒசாகாவில். 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகா ஃபெஸ்டிவல் ஹாலிலும் 17ஆம் தேதி டோக்கியோ புடோகானிலும் மூன்று கச்சேரிகள். மேடைப் பதிவு வேண்டும் என்று கேட்டது ஜப்பானிய இசைத்தட்டு நிறுவனம். அங்கு மட்டும் விற்பதற்காக. குழுவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. மேடையில் நடப்பது மேடையோடு போகட்டும் என்ற எண்ணம். தங்கள் ஆள் மார்ட்டின் பர்ச்தான் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்கள். எட்டு டிராக்குகளில் தனித்தனியாகப் பதியும் கருவி. பிறகு ஸ்டுடியோவில் எதையும் திருத்திச் சேர்க்கவில்லை. பதிவு நன்றாக வந்திருப்பதைக் கேட்ட பிறகுதான் எல்லா நாடுகளிலும் வெளியிட முடிவானது. இப்படி அரை மனதோடு தொடங்கிய காரியம் அமெரிக்காவில் 6ஆம் இடம்வரை போனது.

இரண்டு எல்பி, நான்கு பக்கம், ஏழே பாட்டுகள். அவற்றில் நான்கு 'மெஷின் ஹெட்' பாட்டுகள். ஒன்று 'சைல்ட் இன் டைம்'. ஆகவே இதை வாங்குபவர் மற்ற இரண்டு ஆல்பங்களின் மையத்தையும் இதிலேயே பெற்றுவிடுகிறார். ஒலி அமைப்பில் ஒரு பக்கம் கிட்டார், மறுபக்கம் ஆர்கன் என்று விலகி நிற்கின்றன. ஹெட்ஃபோனில் கேட்டால் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரின் வாக்குவாதத்தைக் கேட்பதுபோல எல்லாம் துல்லியமாக விளங்கும். 'இன் ராக்' ஆல்பத்தில் குழைந்துபோனது இங்கே பிரிந்து நிற்கிறது.

'ஹைவே ஸ்டார்' ஆரம்பத்தைக் கவனியுங்கள். பாட்டு உடனே தொடங்குவதில்லை. பேஸ் ஸ்னேர் டிரம்மை உருட்டுகிறார். ஆர்கன் எதையோ தேடுகிறது. மேடையில் ஆட்கள் இடம்பிடிப்பதே கேட்கிறது. எந்தக் கணத்தில் அந்தச் சலசலப்பு தாளமாக மாறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டின் நடுவில் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, பிளாக்மோர் கிட்டாரில் ஒரு துணுக்கு வாசிக்கிறார். கில்லன் அதைத் தொண்டையில் திருப்பிச் சொல்கிறார். அடுத்தது கொஞ்சம் கடினமாக. அதற்கடுத்தது இன்னும் மேலே. மனிதக் குரல் எட்டாது என்று நாம் தீர்மானித்துவிட்ட உயரத்துக்குக் கிட்டார் போகிறது. கில்லன் அங்கேயும் போய், அங்கிருந்து நீண்ட ஓர் அலறலாக இறங்குகிறார். ஸ்டுடியோவில் எத்தனை தரம் முயன்றாலும் இது நடக்காது. எதிராளி கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

'தி மியூல்' முழுக்க டிரம்ஸ். ராக் ரசிகர்கள் பலர் டிரம் சோலோ வந்தால் தாண்டிப்போவார்கள். கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு அந்தப் பொறுமையின்மை வராது. தனி ஆவர்த்தனத்தைப் போல, ஒரு கணக்கை எடுத்து, பிரித்து, வளர்த்து, கடைசியில் எல்லோரும் வந்து சேரும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார் பேஸ். இடதுகைக்காரரான இவருடைய விரல் நுனிக் கட்டுப்பாடு வேகத்தைவிட வியப்பானது. மெல்லத் தட்டும் இடங்களில்தான் அது தெரியும்.

இருபது நிமிடத்தை நெருங்கும் 'ஸ்பேஸ் டிரக்கிங்' நான்காம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் இதே பாட்டு நாலரை நிமிடம்தான். இந்த நீளத்தை எதிர்ப்பவர்களோடு பாதி தூரம் நானும் வருகிறேன். பழைய கச்சேரிகளில் 'மாண்ட்ரேக் ரூட்' பாட்டோடு வாசித்துவந்த நீண்ட பகுதியை இங்கே ஒட்டவைத்திருக்கிறார்கள். நடுவில் ஐந்தாறு நிமிடம் திசை தெரியாமல் அலைகிறது. முதல் தரம் கேட்பவர் நான்காம் பக்கத்தை விட்டுவிடலாம், ஒன்றும் குறையாது. ஒரே மூச்சில் எழுபத்தாறு நிமிடத்தையும் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எல்பி காலத்தில் கேட்டதுபோல ஒரு வேளைக்கு ஒரு பக்கம் என்று கேட்பதே இதற்குச் சரியான முறை. முதல் பக்கம், 'ஹைவே ஸ்டார்', 'சைல்ட் இன் டைம்' இரண்டும் சேர்ந்து பத்தொன்பது நிமிடம். அதைக் கேட்ட பிறகும் ஒருவருக்கு இந்தக் குழு பிடிக்கவில்லை என்றால், மற்ற மூன்று ஆல்பங்களும் அவரை மாற்றாது.

'சைல்ட் இன் டைம்' ஸ்டுடியோப் பதிவா, ஒசாகாவா என்பது ரசிகர்களிடையே தீராத வழக்கு. நான் ஒசாகா பக்கம். இரண்டாண்டு மேடையில் பாடிப் பாடி கில்லன் அதன் ஏற்றத்தில் எங்கே மூச்சைச் சேமிக்க வேண்டும் என்று அறிந்திருந்தார். அதனால் அலறலுக்கு முந்தைய மென்மை இன்னும் மென்மையாகவும், அலறல் இன்னும் கூர்மையாகவும் இருக்கிறது. பார்வையாளர்களின் பங்கும் உண்டு. ஆர்கன் தணியும் இடங்களில் அரங்கம் மூச்சுவிடாமல் இருக்கிறது. பாட்டின் நடுவே கத்தும் கூட்டத்தின் முன்னால் இந்தப் பாட்டைப் பதிவு செய்திருந்தால் பாதி போயிருக்கும். பாட்டுகளுக்கு இடையே, எல்லாவற்றையும் மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வைக்க முடியுமா என்று ஒலிப்பொறியாளரிடம் கேட்பதும் பதிவில் இருக்கிறது. குழுவின் கொள்கை விளக்கமாக ரசிகர்கள் அதைத்தான் இன்றுவரை சொல்லிவருகிறார்கள்.

'பர்ன்' பற்றிச் சுருக்கமாக. கில்லனும் குளோவரும் 1973 ஜூனில், அதுவும் ஒசாகாவிலேயே தங்கள் கடைசிக் கச்சேரியை முடித்து விலகினார்கள். வந்தவர்கள் இருவர்: துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்த, வெளியுலகம் அறியாத டேவிட் கவர்டேல், பாஸ் வாசித்துக்கொண்டே பாடும் கிளென் ஹியூஸ். ஒரு தடித்த குரலும் ஓர் உயர்ந்த குரலும் மாறி மாறி வருவது இந்தக் குழுவுக்குப் புதிது. தலைப்புப் பாட்டில் பேஸ் ஓரிடத்திலும் சும்மா தாளம் போடுவதில்லை; பாட்டு முழுவதும் அவர் சோலோ வாசித்துக்கொண்டே தாளமும் பிடிக்கிறார். 'மிஸ்ட்ரீட்டட்' கவர்டேல் தனியாகப் பாடியது. பிளாக்மோரின் மெதுவான ப்ளூஸ் ரிஃபின் மேல், புதிதாக வந்தவர் தன் இடத்தை எழுதி வாங்கிக்கொள்கிறார். ப்ளூஸ், சோல் இசை கேட்டு வருபவருக்கு நான்கில் இதுவே நெருக்கமாக இருக்கும். ஆனால் கடைசிப் பாட்டான ''ஏ' 200' சின்தசைசரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. முதல் ஆல்பமாக இதைக் கேட்டவர், பிறகு கில்லனிடம் வரும்போது வேறு குழுவைக் கேட்பதாக நினைப்பார் என்பதும் என் தயக்கத்துக்குக் காரணம்.

ஆக, என் வரிசை: 'மேட் இன் ஜப்பான்', 'இன் ராக்', 'மெஷின் ஹெட்', 'பர்ன்'. மூன்றாமிடத்தில் 'மெஷின் ஹெட்' வருவது அதைத் தாழ்த்துவதற்காக அல்ல. மேடையில் பன்னிரண்டு நிமிடம் விரியக்கூடியவர்கள் ஆறு நிமிடத்தில் எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார்கள் என்பது, விரிந்ததைக் கேட்டவருக்குத்தான் புலப்படும். கிட்டார் கற்றுக்கொள்பவர் மட்டும் வரிசையை மாற்றி அதிலிருந்தே தொடங்கலாம். அவருக்கு ஒரு குறிப்பு: 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃபில் இரண்டு தந்திகளையும் ஒரே நேரத்தில் விரல்களால் சுண்ட வேண்டும், பிளாக்மோர் அங்கே பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) பயன்படுத்துவதில்லை. அதனால்தான் கடைகளில் கேட்கும் அந்த ரிஃப் எப்போதும் கொஞ்சம் தவறாகவே ஒலிக்கிறது.

பதிப்புகளைப் பொறுத்தவரை, 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்தின் 1998 பதிப்பு போதும். அதன் இரண்டாவது தட்டில் 'பிளாக் நைட்', 'ஸ்பீட் கிங்', 'லூசில்' ஆகிய கூடுதல் பாட்டுகள் இருக்கின்றன. மூன்று கச்சேரிகளையும் விரித்துத் தரும் பெரிய பெட்டிகள் உண்டு. ஒரே பாட்டு மூன்று இரவுகளில் எப்படி மாறியது என்று ஒப்பிட விரும்பும் நாள் வரும்போது அவற்றை வாங்கலாம். 'இன் ராக்' என்றால் 1995 பதிப்பு. 'பிளாக் நைட்' அதில் சேர்ந்திருக்கிறது. 'மெஷின் ஹெட்' 1997 பதிப்பில் பழைய ஒலிக்கலவையும் (மிக்ஸ்), குளோவர் புதிதாகச் செய்த கலவையும் இரண்டு தட்டுகளாக வருகின்றன. விடுபட்ட 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' பாட்டும் உண்டு. 2024இல் வந்த பெரிய பதிப்பில் புதிய கலவையைச் செய்தவர் டுவீசில் சாப்பா, அன்று மான்ட்ரூவில் தீப்பிடித்த மேடையில் நின்ற ஃபிராங்க் சாப்பாவின் மகன். பழைய கலவையை மனப்பாடமாகக் கேட்டு முடித்த பிறகு அதற்குப் போகலாம்.